கடற்கோளும் பாடுமீனும்: விஞ்ஞானத் தமிழ் பற்றி ஒரு விமர்சனம்

மட்டக்களப்பைப் பற்றிப் பேச எழுந்த எவரும் ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் தொடரைச் சொல்லாது அமர்ந்ததை நான் கண்டதில்லை. மேடைப் பேச்சிலும் வாழ்த்துப்பாவிலும் கழக இலச்சினைகளிலும் அத்தொடர் நிலைபெற்றுவிட்டது. அதனைக் கேட்டு வளர்ந்த நம்மில் எத்தனைபேர், பாடுவது மீன்தானா என்று வினவியிருப்போம்? இவ்வாறு வினவுதல் ஊர்ப்பற்றுக்கு இழுக்கு எனக் கொள்வாரும் உளர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் குறித்து நமது சங்கக் கூட்டங்களிலே நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆக்கப்பட்ட சொல் யாருடைய காதில், எந்த வேளையில், எந்தத் தேவையின் பொருட்டு விழுகின்றது என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்புவதற்கு இந்த மீனே நல்ல தொடக்கமாகும்.

மாணவனாயிருந்த காலத்திலே ஒரு பூரணை இரவில் கல்லடிப் பாலத்தின் அயலிலே தோணியில் இருந்தேன். தோணிக்காரர் முதியவர். துடுப்பின் ஒரு முனையை நீரினுள் அமிழ்த்தி மறுமுனையிலே காதை வைக்கும்படி காட்டினார். “காதை வைச்சுக் கேளு மனே. மீனா, ஊரியா எண்டு நீயே சொல்லு” என்றார். ஏதோ கேட்டது, தந்தியைத் தடவினாற்போன்ற மெல்லிய அதிர்வு. ஆனால் அன்று எனக்கு வியப்பளித்தது அவ்வொலி அன்று. எழுத்தறிவு அதிகமில்லாத அந்த முதியவர் எனக்கு ஒரு விடையைத் தராமல், இரண்டு கருதுகோள்களையும் அவற்றைச் சோதிப்பதற்குரிய கருவியையும் தந்தார் என்பதை நான் உணர்ந்துகொண்டது பல ஆண்டுகள் கழிந்த பின்னரேயாகும்.

அம்முதியவருடைய ஐயம் புதியதன்று. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது இரவில் வாவியிலே தோணியிற் சென்று இவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் அதனை விரிவாக எழுதினார். ஈரவிரலால் விளிம்பைத் தேய்த்த கண்ணாடிக் கிண்ணத்தின் ஒலிக்கு அதனை ஒப்பிட்டார். அது நீண்டொலிக்கும் ஒரே சுரம் அன்று, தனித்தனியே தெளிவுடைய பற்பல சிற்றொலிகளின் கூட்டம் என்றும், தோணியின் மரப்பலகையிலே காதை வைத்தால் அது பெருகிக் கேட்டது என்றும் குறித்தார். உள்ளூர் மீனவர் இதனை மீனின் ஒலியென்று அவரிடம் சொல்லவில்லை. ஒருவகை ஊரியின் ஒலியென்றே சொன்னார்கள். அவ்வூரிக்கு அவர்கள் வழங்கிய பெயரின் பொருள் ‘அழும் ஊரி’ என்பதாகும். ரெனன்ற் உயிருள்ள ஊரிகளைத் தருவித்து அவற்றின் இனங்களையும் பதிவு செய்தார். ஆளுங் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், மற்றைய பல விடயங்களில் நம்மவரை எத்துணை ஏளனமாக நோக்கியவராயினும், இந்த ஒரு விடயத்தில் மீனவரின் வாய்மொழியைச் சான்றாக மதித்தார். அதனாலேயே அவருடைய பக்கங்கள் இன்றும் பயன்படுகின்றன. நமது தமிழ்ப் பக்கங்களிலோ ஊரி மறைந்து மீன் மட்டும் எஞ்சியது. மீனுக்குப் பெருமை உண்டு, ஊரிக்கு அஃதில்லை.

1950களிலே அமெரிக்க யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்தார். நாடு முழுவதும் அதனை வானொலியிற் கேட்டது. ஆயினும் எழுப்புவது எவ்வுயிர் என்னும் வினா ஐயத்துக்கிடமின்றி முடிக்கப்பட்டுவிடவில்லை. ஒலியைக் கேட்டோம், மகிழ்ந்தோம், வினாவை விட்டுவிட்டோம்.

இவ்விடத்தில் விபுலாநந்த அடிகளாரைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் துறவியாவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்று, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்ஸி. பட்டமும் பெற்றவர். 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்களின் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூனில் அரங்கேறிய ‘யாழ்நூல்’ அவரது ஆராய்ச்சியின் முடியெனப் போற்றப்படுகிறது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

யாழ்நூலை இசைத்தமிழின் பெருமை பேசும் நூல் என்று மட்டும் படிப்போர் அதன் உள்ளீட்டைத் தவறவிடுகின்றனர் என்பது எனது கருத்து. அழிந்துபோன ஒரு கருவியை மீட்டெடுக்க அவர் கையாண்ட வழி ஒலியியலும் கணிதமுமாகும். தந்தியின் நீளத்தை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் குரலிலிருந்து இளி பிறக்கும் என்பது எந்நாட்டு ஆய்வுகூடத்திலும் சோதிக்கத்தக்க உண்மை. இத்தகைய விகிதங்களை ஏணியாகக் கொண்டு, இருபத்திரண்டு அலகுகளைப் பற்றிய பழைய உரைகளின் கூற்றுகளை அவர் கணக்கிட்டுச் சரிபார்த்தார். அதனோடு நில்லாமல், அக்கணக்கின்படி கருவிகளை அமைப்பித்தார். அரங்கேற்றத்திலே அவை மீட்டப்பட்டன. உரையாசிரியர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்காமலும், பழையது என்பதற்காகத் தள்ளாமலும், அமைத்துக் கேட்டுப் பார்ப்போம் என்ற மனநிலை அது. துடுப்பில் காதை வைக்கச் சொன்ன முதியவரின் மனநிலையும் அதுவே.

ஆனால் இதே அடிகளார் தம் ஊர் வாவியின் ஒலியைப் பற்றிப் பாட வந்தபோது ‘நீரர மகளிர்’ என்றே பாடினார். பாடலிற் குறையொன்றும் இல்லை. கவிஞனுக்கு நீரர மகளிரைக் காணும் உரிமை உண்டு. நான் குறை காண்பது அவரிடத்தில் அன்று, அவருடைய வழித்தோன்றல்களாகிய நம்மிடத்தில். ஆண்டுதோறும் நிகழும் விழாக்களிலே நீரர மகளிர் மேற்கோளாகின்றனர். மூன்றில் இரண்டு என்னும் விகிதம் மேற்கோளாவதில்லை. யாழ்நூலின் உரைநடை சிலப்பதிகாரமும் பௌதிகமும் ஒருங்கே பயின்ற அவைக்கென எழுதப்பட்டது. அத்தகைய அவை அன்றும் சிறிது, இன்றும் சிறிது. நூலைத் திறந்துகாட்டும் எளிய விளக்கம் ஒன்றைப் பள்ளி மாணவனின் கையிற் கொடுப்பது நமது கடனாக இருந்தது. நாம் சிலைகளை வைத்தோம்.

கவிதையை விஞ்ஞானம் கொன்றுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. 1980களில் கலிபோர்னியாவின் சோசலிற்றோ என்னும் ஊரில், படகுவீடுகளில் வாழ்ந்தோர் இரவில் நீரடியிலிருந்து எழுந்த முரலொலியால் உறக்கம் இழந்தனர். கழிவுநீர்ப் பம்பி என்றார் சிலர். இரகசிய நீர்மூழ்கி என்றார் வேறு சிலர். ஆராய்ந்தபோது, தேரைமீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீனின் ஆண்கள் தம் கூட்டருகே இருந்து பெண்மீன்களை அழைக்கும் ஒலி அது என்பதும், காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளின் விரைந்த அதிர்வினால் அது பிறக்கிறது என்பதும் தெரியவந்தன. அவ்வூரார் அந்த மீனின் பெயரால் விழாவே எடுத்தார்கள். விளக்கம் கிடைத்தபின் விழா நின்றுவிடவில்லை. அதன் பிறகுதான் தொடங்கிற்று.

இதுவரை சொன்னது ஒலியைப் பற்றியது. அதில் நாம் தவறினாலும் உயிர்ச்சேதம் இல்லை. மற்றொரு சொல்லைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

‘கடற்கோள்’ என்னும் சொல்லைத் தமிழ் பயின்ற ஒவ்வொரு மாணவனும் அறிவான். முச்சங்க வரலாற்றைப் படிக்கும்போது அச்சொல் வருகிறது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுட் சென்றமை பற்றிய சிலப்பதிகாரக் குறிப்பும், அதற்கு அடியார்க்குநல்லார் தரும் எழுநூற்றுக் காவதம், நாற்பத்தொன்பது நாடு என்னும் கணக்கும் பரீட்சை வினாக்களாகியுள்ளன. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டமையைச் சொல்கிறது. இவற்றுள் எது வரலாறு, எது புனைவு என்ற ஆராய்ச்சி ஈண்டு வேண்டியதில்லை. வேண்டியது இதுதான்: கடல் நிலத்தின்மேல் ஏறிவரும் என்னும் செய்தி நம் மொழியிலே ஒரு சொல்லாக ஈராயிரம் ஆண்டளவு வாழ்ந்திருந்தது. அதனை நாம் இழந்த நூல்களுக்கான இரங்கலாகக் கற்பித்தோம். நம் மொழியின் தொன்மைக்குச் சான்றாகக் கற்பித்தோம். கடற்கரையில் வாழும் பிள்ளைக்கு ஓர் எச்சரிக்கையாக மட்டும் கற்பிக்கவில்லை.

2004 திசெம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவின் அயலே கடலடி நிலம் பெயர்ந்தது. நமது கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. பசிபிக் கடலுக்கென அமைந்த எச்சரிக்கை நிலையம் அவாயில் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கென ஒன்றும் இல்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடியிலும், கல்லடித் திருச்செந்தூரிலும், கல்முனை, மருதமுனைக் கரைகளிலும் அந்த இரண்டு மணி நேரம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையாகக் கழிந்தது. இலங்கையில் அன்று மாண்டோர் 30,000க்கும் அதிகம். ‘சுனாமி’ என்னும் யப்பானியச் சொல் ஒரே நாளில் நமது கிராமங்களின் சொல்லாயிற்று. பின்னர் ‘ஆழிப்பேரலை’ எனத் தமிழாக்கம் செய்தோம். சொல்லாக்கத்தில் நாம் என்றும் பின்தங்கியவர்கள் அல்லர்.

அதே அலையினை மிக அண்மையில் எதிர்கொண்ட தீவு சிமலுவே. சுமாத்திராவின் மேற்கேயுள்ள அத்தீவில் 1907இல் ஒரு பேரலை பலரைக் கொன்றது. அதன் நினைவு ‘சிமொங்’ என்ற ஒற்றைச் சொல்லாகக் கதைகளிலும் தாலாட்டுகளிலும் வாழ்ந்தது. நிலம் வலுவாக நடுங்கிய பின் கடல் வற்றினால் குன்றுக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004இல் அங்கு எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோரில் இறந்தோர் ஏழுபேரே. அவர்களிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை. இருந்தது ஒரு சொல். நம்மிடமும் ஒரு சொல் இருந்தது. அவர்களுடைய சொல் காலை எழுப்பியது. நம்முடையது தலையை நிமிர்த்தியது.

ஆனால் சிமலுவேயின் பாடத்தை அப்படியே எடுத்து இங்கு நட்டுவிடுதலும் ஆகாது. விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்குச் சொல்வோர் அடிக்கடி செய்யும் தவறு இது. 2004இன் பின்னர் ‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்’ என்ற வாசகம் நம்மிடையே பரவியது. கடலடி நிலம் பெயர்ந்தபோது அதன் கிழக்குப் புறம் தாழ்ந்தது, மேற்குப் புறம் உயர்ந்தது. ஆகவே தாய்லாந்துக் கரையிற் கடல் முதலில் வற்றியது. மேற்கே இருந்த நமது கரைக்கு முதலில் வந்தது ஏற்றமே. பல இடங்களிற் கடல் பின்வாங்கியது முதலலை வந்துசென்ற பின்னராகும். நிலநடுக்கமோ இங்கு மக்கள் அஞ்சி எழும் அளவுக்கு உணரப்படவில்லை. கடல் வற்றுவதைப் பார்த்திருந்து ஓடலாம் என எண்ணும் கிழக்குக் கரையார் காத்திருந்தே மடிய நேரிடலாம். அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மை, சொல்லப்படாத உண்மையிலும் கொடிது. இக்கரைக்கு எச்சரிக்கை வெளியிலிருந்தே வரவேண்டும். அதாவது அரசின் வாயிலாக வரவேண்டும். ஆகையால் அரசு பேசும் தமிழ் எத்தகையது என்பது இலக்கியச் சங்கத்தின் விடயமும் ஆகும்.

அத்தமிழைச் சற்றுப் பார்ப்போம். வானிலை அறிவிப்புகளின் வார்ப்பிலே நானே ஒரு வாக்கியத்தை அமைக்கிறேன்: ‘வங்காள விரிகுடாவின் தென்மேற்குப் பகுதியில் நிலைகொண்டுள்ள தாழமுக்கமானது மேலும் வலுவடைந்து மேற்கு வடமேற்குத் திசையாக நகரக்கூடும் என எதிர்பார்க்கப்படுகின்றது.’ இலக்கணப் பிழையில்லை, கலைச்சொல் செம்மையானது. ஆனால் இவ்வாக்கியத்தில் மனிதர் எவரும் இல்லை. கேட்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவுகூரும் முதியோர் உளர். நூற்றுக்கணக்கான உயிர்களையும் கணக்கற்ற தென்னைகளையும் அது கொண்டுபோயிற்று. அத்தகைய காற்றின் முன்னே மேற்படி வாக்கியத்தை இவ்வாறு எழுதினால் என்ன? ‘நாளை மாலைக்கு முன் தோணிகளைக் கரையேற்றி வையுங்கள். காற்று முதலில் வடக்கிலிருந்து வீசும். நடுவிலே திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். சூறாவளியின் கண் உங்களைக் கடக்கிறது. சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் வரும்.’ இரண்டாவதில் விஞ்ஞானம் குறையவில்லை. உண்மையில், சுழலும் காற்றின் இயல்பைப் பற்றி முதலாவதிலும் அதிகமாக அதுவே சொல்கிறது.

எச்சரித்த பின்பும் ஒரு கடமை எஞ்சுகிறது. 2012 ஏப்பிரல் 11இல் சுமாத்திராவின் அயலே 8.6 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை உரிய வேளையில் வந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை. ஏன் வரவில்லை? அன்று பாறைத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவின. 2004இற் போல் நீரை மேலே தூக்கவில்லை. தட்டிலே நீரை வைத்து, தட்டை ஒருமுறை பக்கமாக இழுத்தும் ஒருமுறை கீழிருந்து தட்டியும் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். மறுநாட் காலை இவ்விளக்கம் கிடைக்காதவன் ‘வீணாக ஓட வைத்தார்கள்’ என்ற முடிவுக்கே வருவான். அடுத்த முறை ஓடமாட்டான்.

பகுத்தறிவைப் பரப்புதலில் வேறொரு வழியும் நம் நாட்டில் வேரூன்றியது. 1928இல் கேரளத்திலிருந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்த ஆபிரகாம் கோவூர், 1963 முதல் அற்புத சக்தி உடையவரெனக் கூறுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா பந்தயம் கட்டிச் சவால் விட்டார். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தை எவரும் பெறவில்லை. வஞ்சகரை அம்பலப்படுத்த அச்சவால் உதவியது; அவருடைய துணிவு போற்றத்தக்கது. (மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் நம்மைக் கேலி செய்வதை அவரும் கேட்டிருப்பார்.) ஆயினும் சவால் என்பது இருவருக்கிடையிலான மல்யுத்தம். ஏனையோர் பார்வையாளர். பார்வையாளன் வென்றவனுக்குக் கைதட்டுவான். தானாக ஒன்றைச் சோதித்துப் பார்க்க அதனாற் கற்றுக்கொண்டான் எனல் அரிது.

மக்களோ சோதித்துப் பார்க்காதவர்கள் அல்லர். வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்கும் பேச்சிலேயே ஒரு புவியியல் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மலைகளைக் கடந்து வெப்பமும் வறட்சியுமாக இறங்கும் காற்றை நம்மவர் கச்சான் என்கின்றனர். யூன், யூலையில் அது கடற்காற்றையும் மேவி வீசி, மட்டக்களப்பின் வெப்பத்தை 38 பாகை செல்சியசு வரை உயர்த்தும். இச்சொல் உலக வளிமண்டலவியல் அகராதியிலேயே இடம்பெற்றுள்ளது. நானோ மலை கடந்து வரும் வெங்காற்றை ஆல்ப்சு மலையின் போன் காற்றை உதாரணமாகக் கொண்டுதான் கற்றேன். முற்றத்தில் வீசிக்கொண்டிருந்ததும் அதே காற்று என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை.

கொள்கை வகுப்போருக்கு விஞ்ஞானத்தைச் சொல்லுதல் என்றால் கொழும்புக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுதல் எனக் கருதுவோர், மாரி காலத்தில் முகத்துவாரத்துக்கு ஒருமுறை சென்றுவரலாம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவி பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. வறண்ட காலத்தில் மணற்றிடல் வாயை அடைத்துவிடும். மழை பெருகி நீர் உயரும்போது படுவான்கரையின் வேளாண்மை நீரில் அமிழும். ஆற்றுவாயை உடனே வெட்டுங்கள் என்று விவசாயி கேட்பார். வெட்டினால் நீரோடு மீன் போய்விடும், வாவியின் மட்டம் தாழ்ந்துவிடும் என்று மீனவர் சிலர் தடுப்பர். கடலிலிருந்து இறாற் குஞ்சு உள்ளே வர வாய் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் அவர்களுக்கே தெரியும். எப்போது வெட்டுவது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்பதை இறுதியில் முடிவு செய்வது கச்சேரி. மழையளவு, நீர்மட்டம், உவர்ப்பு, இறால் உட்புகும் பருவம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் வைத்து, விவசாயியும் மீனவரும் அதிகாரியும் ஒருங்கே படிக்கத்தக்க தமிழில் எழுதிய ஒரு சிறு நூலை நான் இதுவரை கண்டதில்லை. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனபோது, வாவியின் கரையருகே ஒரு பல்கலைக்கழகம் வந்ததென மகிழ்ந்தோம். விலங்கியற்றுறையினரும் புவியியற்றுறையினரும் தமிழ்த்துறையினரும் ஒரே மேசையிலிருந்து எழுதவேண்டிய நூல் அது.

அந்நூலின் முதற் படியை யாரிடம் வாசித்துக்காட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. படுவான்கரை விவசாயி தம் வயலின் வரம்பு நீருக்கு மேலே தெரிகிறதா என்று பார்க்கிறார். மீனவர் வாவி நீரை நாவில் வைத்து உவர்ப்பைப் பார்க்கிறார். எங்கள் கணக்கும் அவர்களுடைய கணக்கும் எங்கே பொருந்தவில்லையோ, அந்த இடத்தில் அவர்கள் வாசிப்பவரை நிறுத்தி மறிப்பார்கள்.